பல்லிணைப் பெட்டி: கியர்பாக்ஸுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கியர்பாக்ஸுக்குப் ‘பற்சக்கரப் பெட்டி’, ‘பல்லிணைப் பெட்டி’ என இரண்டு சொற்கள் தமிழில் வழங்குகின்றன. குன்னூர்ப் பட்டறைகளில் இரண்டும் புழங்குவதில்லை. அங்கே கியர் ‘விழும்’, ‘விழாது’, அவ்வளவுதான். எழுத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் என் வாக்கு பல்லிணைக்கே.

‘கியர்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். உடை, ஆயுதம், தளவாடம் என்பதே அதன் முதற்பொருள். பல் வைத்த சக்கரத்துக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. மூலச்சொல்லில் பல்லும் இல்லை, சக்கரமும் இல்லை. எனவே பொருளைப் பார்த்துத்தான் நாம் பெயரிட வேண்டும்.

நீலகிரியில் பற்சக்கரம் என்றால் மலை ரயில். கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்தண்டை அந்தச் சக்கரம் கவ்வி ஏறுகிறது. கியர்பாக்ஸிலோ சக்கரத்தைச் சக்கரமே கவ்வுகிறது. 14 பல் உள்ளது 42 பல் உள்ளதைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, ஏறக்குறைய மூன்று மடங்காகும். தனிச் சக்கரத்துக்கு விகிதம் ஏது? ‘இணை’ என்ற சொல் அதைச் சொல்லிவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடை குறைந்த காரில் பொருத்துவோருக்கு இந்த விகிதமே உயிர். 1946இல் இங்கிலாந்தில் கூப்பர் குடும்பத்தினர் 500 சிசி ஜாப் (JAP) மோட்டார் சைக்கிள் எஞ்சினுடன் பந்தயக் கார் செய்தபோது, கியர்பாக்ஸைத் தனியே வைத்துச் செயினால் இணைத்தார்கள். நம் பழைய புல்லட்டிலும் எஞ்சின் வேறு, பெட்டி வேறு. இதைத் ‘தனிப் பல்லிணைப் பெட்டி’ எனலாம். இன்றைய பைக்குகளில் இரண்டும் ஒரே வார்ப்புக்குள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன.

சமதளப் பந்தயத்துக்குப் பைக்கின் பெட்டியே போதும். மலைக்குப் போதாது. பைக்கின் முதல் கியர் பைக்கின் எடைக்கு அளந்தது. அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள காரை ஏற்றத்தில் நகர்த்தக் கிளட்ச் கருகும். ரிவர்ஸும் கிடையாது. இறக்கம் இன்னும் கடினம். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். முதல் அல்லது இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும். எடைக்கு ஏற்ற தாழ்ந்த விகிதம் இல்லாவிட்டால் சிறிய எஞ்சினால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. சுமை முழுவதும் பிரேக்கில் விழும், அது சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

ஆகவே எஞ்சினுக்குப் பின்னால், ரிவர்ஸ் உள்ள இரண்டாவது பெட்டி தேவைப்படுகிறது. இங்கேதான் கணக்கு முக்கியம். எஞ்சின் தரும் முறுக்குவிசை 30 நியூட்டன் மீட்டர், பைக்கின் சொந்தப் பல்லிணைகள் முதல் கியரில் அதை ஆறு மடங்காக்குகின்றன என்று வையுங்கள். அடுத்த பெட்டிக்குள் நுழைவது 180. ஒரு 800 சிசி காரின் பெட்டி அதில் பாதியைக்கூடப் பார்த்திருக்காது, பல் உடையும். பைக்கின் பெட்டியை மேல் கியரிலேயே நிறுத்திவிட்டு, ஏற்ற இறக்கத்தை இரண்டாவது பெட்டியிடம் விடுவதே சரி.

பல்லிணை விகிதம், முதற்பல்லிணை, பின்னோட்டப் பல்லிணை என்று சொல் இயல்பாகக் கிளைக்கிறது. கிளட்ச்சுக்கு வழங்கும் ‘உரசிணைப்பி’ மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை. கிளட்ச்சை மிதிப்பதே இணைப்பை விடுவிக்கத்தான். ‘விடுபற்றி’யில் விடுவது, பற்றுவது என்ற இரு வேலைகளும் இருக்கின்றன.