“2” போட்டால் முதல் ஆளுக்குக் குறையுமா?

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு வடக்குக் கிராமங்களில் வாக்காளர் விளக்கக் கூட்டங்கள் நடத்தினேன். 38 பெயர்களோடு நீண்டு கிடந்த மாதிரிச் சீட்டைப் பார்த்து ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, ரெண்டாவது ஆளுக்கும் போட்டா முதல் ஆளுக்குக் குறைஞ்சு போகாதே?”

குறையாது. எங்கள் சீட்டில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் இடலாம். முதலில் 1களை மட்டுமே எண்ணுவார்கள். அந்த முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாகப் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்கள். அப்படி விலக்கப்பட்டவருக்கு வாக்களித்த சீட்டில்தான் 2ஐத் தேடுவார்கள். அது அந்த இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் இதற்குத் தேவையே வரவில்லை. நாங்களும் எண் இடாமல், ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X) போட்டே பழகிவிட்டோம். 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. மற்றவர்களுக்கு விழுந்திருந்த சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் சேர்த்துப் போனவை வெறும் 2,73,131. மிச்சம் 30 இலட்சத்துக்கும் மேல், கடைசித் தீர்ப்பில் பேசவேயில்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களித்த 2,26,343 பேருக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பு இருந்தது. வென்ற அநுரவின் இறுதி எண்ணிக்கை, செல்லுபடியான மொத்த வாக்கில் 43 வீதமளவுதான்.

முறையை மாற்றுவோம் என்று பேசும்போது சிலர் அவுஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். அங்கே பிரதிநிதிகள் சபைக்கு எல்லாக் கட்டத்துக்கும் எண் இட்டேயாக வேண்டும். கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராக நீக்குவார்கள். வாக்கு வீணாகாது, உண்மைதான். ஆனால் 38 பெயருக்கு வரிசை எழுதச் சொன்னால்? 2024இலேயே 3,00,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன.

எனக்குப் பிடித்தது பிரான்ஸ் முறை. இரண்டு வாரம் கழித்து, மிஞ்சிய இருவருக்கும் மறுபடி வாக்கெடுப்பு. செலவு இரட்டிப்பாகலாம். ஆனாலும் மக்கள் இருவரின் முகத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். யார் மிஞ்சுவார் என்று முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போதைக்குச் சட்டம் இதுதான். 1 எழுதுகிறவர்கள் 2, 3 என்று தொடருங்கள். புள்ளடி போடுகிறவர்கள் அதோடு நிறுத்துங்கள். ஒரே சீட்டில் இரண்டையும் கலக்க வேண்டாம்.