கெம்பஸில் சிகரட்: குளிரைக் காரணம் சொல்லாதீர்கள்

"குளிருக்கு ஒண்ணு பத்த வச்சா இதமா இருக்கும், டொக்டர்." இலங்கை மலையகத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் எனக்கு இந்தப் பதில் பழகிப்போய்விட்டது. சொல்பவர்கள் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். உடம்பில் நடப்பதோ நேர்மாறு. நிகொட்டின் தோலுக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் நுனிக்கு வரும் இரத்தம் குறைவதால் விரல் இன்னும் சில்லிட்டுத்தான் போகும். புகைத்த சில விநாடிகளிலேயே நிகொட்டின் மூளைக்குப் போய், அது கிடைக்காமல் வந்த தவிப்பை அடக்குகிறது. இதம் என்று தோன்றுவது அந்தத் தவிப்பு அடங்குவதுதான்.

குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது. பேராதனையோ பதுளையோ, மழையும் பனிமூட்டமும் இறங்கினால் விடுதி யன்னல்களைப் பூட்டிவிடுவார்கள். அறையில் ஒருவர் புகைத்தாலும் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். இழுப்பு உள்ள முதலாம் வருட மாணவர் ஒருவர், ஊரில் எப்போதாவது எடுத்த இன்ஹேலரை விடுதிக்கு வந்த பிறகு இரவில் அடிக்கடி எடுக்க வேண்டியிருப்பதாகச் சொன்னார். அறையில் யாராவது புகைக்கிறார்களா என்று கேட்டேன். "உள்ளுக்குக் குடிக்கிறதில்ல டொக்டர், யன்னலத் திறந்து தலைய வெளிய நீட்டித்தான் குடிக்கிறாங்க." மலைக்காற்று அந்தப் புகையை உள்ளேயே தள்ளும். போர்வையிலும் ஸ்வெட்டரிலும் அது படிந்து கிடக்கும். சீனியரிடம் வாய் திறக்கப் பயம், அறை மாற்றக் கேட்கவும் பயம். மருந்தைக் கூட்டிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளரிடம் பேசி அவருக்கு வேறு அறை வாங்கிக் கொடுத்தோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. ஆனால் கண்டீனின் பின்பக்கம், விரிவுரை மண்டபப் படிக்கட்டு, மைதான ஓரம் எல்லாம் திறந்தவெளி. கெம்பஸில் புகை பிடிக்கும் கூட்டம் சேர்வது பெரும்பாலும் இங்கேதான். அதனால்தான் வளாகம் முழுவதையும் புகையற்ற இடமாக்கும் விதியைப் பல்கலைக்கழகமே கொண்டுவர வேண்டும் என்கிறேன். விரிவுரையாளர், ஊழியர், கட்டட வேலைக்கு வருபவர் எல்லோருக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். சேர் தன் அறையில் புகைத்துக்கொண்டு மாணவனைப் பிடித்தால் அந்த விதி ஒரு மாதம்கூட நிற்காது.

வாசலுக்கு வெளியே இருக்கும் கடையையும் மறக்கக் கூடாது. அதே சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரட் விற்பது குற்றம். உயர்தரம் முடித்து வரும் முதலாம் வருடப் பிள்ளைகளில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது. எந்தக் கடையில் அடையாள அட்டை கேட்கிறார்கள்? அதோடு, பெட்டியில் 80 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும் எச்சரிக்கைப் படம், ஒற்றையாக வாங்குகிறவர் கண்ணிலேயே படுவதில்லை. தீப்பெட்டியோ லைட்டரோகூட அவர் வாங்க வேண்டியதில்லை, கடை வாசலிலேயே கயிற்றில் தொங்குகிறது.

பிடித்து அபராதம் போடுவதோடு நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் ஆளாகக் கெம்பஸுக்கு வந்த பிள்ளை, 'பெச்' எனப்படும் தன் வருடக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளத்தான் பல நேரம் முதல் சிகரட்டை வாங்குகிறது. கொழுந்து பறித்துத் தாய் அனுப்பும் காசும் மகாபொலப் புலமைப்பரிசில் பணமும் அதில் கரைகிறது. அந்தப் பிள்ளையைத் தண்டித்து ஓரம் கட்டினால் மறைவிடம் தேடிப் போகும், அவ்வளவுதான்.

நிறுத்த நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கஷ்டம்: எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் மனம் ஒட்டாமை. பிறகு சில வாரங்களில் தணிந்துவிடும். அதனால் பரீட்சை வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் அடங்கும். அந்த நேரத்தில் ஒரு பிளேன்டீயோடு எழுந்து நடங்கள், கடைப் பக்கம் மட்டும் வேண்டாம். தேவைப்பட்டால் நிகொட்டின் சுவிங்கம் பற்றிப் பேசலாம். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். எங்களிடம் வந்து சொல்வது எதுவும் பீடத்துக்கோ வீட்டுக்கோ போகாது. ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கியவர்களும் வெட்கப்படாமல் வாருங்கள். பலர் ஒரே முயற்சியில் விடுவதில்லை.