தங்கச்சியின் பிள்ளைக்கு ஒரு போர்வை

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த கிழமை அது. தங்கச்சியின் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் நெருங்கிவிட்டது. கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. அம்மாவின் பழைய கைத்தறிச் சீலையில் நைந்துபோகாத பகுதியை ஒரு பக்கமும், திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடவைக்கடையில் வாங்கிய வெள்ளைப் பொப்ளின் பருத்தித் துணியை மறுபக்கமும் வைத்து, 90 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு போர்வை தைத்தேன். கொடுக்கமுதல் ஒருதரம் தோய்த்துக் காயப்போட்டேன். எடுத்துப் பார்த்தால் சீலைப் பக்கம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கிறது. தையலில் ஒரு பிழையும் தெரியவில்லை. கடைசியில் டேப்பை எடுத்துப் பொப்ளினை அளந்தேன். 86½ சென்ரிமீற்றர்.

ஆலையில் நெய்யும்போதும், பிறகு வெளுத்துச் சுற்றும்போதும் துணியை இழுத்தே வைத்திருக்கிறார்கள். அந்த இழுவை அடங்காமலேயே அது கடைக்கு வருகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி நார் தண்ணீரைக் குடித்து ஊதும், நூல் தடிக்கும். நீளவாக்கில் ஓடும் பாவுநூல், குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடைநூலுக்கும் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது அல்லவா? ஊடை தடித்தால் அதைச் சுற்றி வளைய இன்னும் கொஞ்சம் நூல் வேண்டும். மெல்லிய கம்புகளுக்கிடையே பின்னிய ஓலையைக் கழற்றி மொத்தக் கம்புகளுக்கிடையே பின்னிப் பாருங்கள், ஓலை வேலியின் முடிவுவரை எட்டாது. துணியிலும் அதுதான். நூலின் நீளம் கூடாது என்பதால் துணி குறுகுகிறது. தண்ணீர் காணாத பருத்தித் துணி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு குறுகுவது வழமை. அம்மாவின் சீலையோ பல நூறு தடவை தோய்த்தது, அதில் இனிக் குறுக ஒன்றுமில்லை. ஒன்று குறுக, மற்றது அப்படியே நிற்க, மிஞ்சிய மூன்றரை சென்ரிமீற்றர் சீலைதான் சுருக்கமாக எழும்பியது.

ஆகவே புதுத் துணியை வெட்டமுதல் ஒருதரம், முடிந்தால் இரண்டுதரம், தோய்த்துக் காயவைத்து ஸ்திரி போடுங்கள். போர்வை தைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த ஒரு வேலையைத்தான்.

பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் நல்லது என்று அம்மம்மாமார் சொல்வதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். கசங்காத துணி என்று விற்பவற்றில் போமல்டிகைட் என்ற இரசாயனம் சேர்ந்த பிசின் பூச்சும் இருக்கலாம், அது மெல்லிய தோலை உறுத்தும். தோய்க்கத் தோய்க்கக் கஞ்சி கழன்றுபோகும், போமல்டிகைட்டும் குறையும், நூல்களும் ஒன்றோடொன்று இறுகாமல் தளரும். பழைய சீலையின் அந்த மெதுமை பல வருடத் தோய்ப்பில் வந்தது.

சரி, இந்த இரண்டு துணிகள் பிள்ளையை எப்படி இளஞ்சூட்டில் வைக்கின்றன? சூடு பிள்ளையின் உடம்பிலிருந்து வருகிறது. பிறந்த குழந்தைக்கு எங்களைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூட்டைப் பெறுகிறது. நிறையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு மிகப் பெரியது, அதனால் சூடு சீக்கிரம் போய்விடும். துணிக்குள்ளும் இரண்டு துணிகளுக்கு நடுவிலும் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுத்தான் அதை மறிக்கிறது. பருத்தி நார் காய்ந்து முறுக்கிக்கொண்ட ஒரு தட்டை நாடா போன்றது. முறுக்கு இருப்பதால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்காமல் இடைவெளி விட்டு நிற்கும், அந்த இடைவெளிகளில் காற்று தங்கும். ஒரு தடித்த துணியைவிட இரண்டு மெல்லிய துணிகள் நல்லது என்பது இதனால்தான்.

அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்தால் கதை மாறிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். திருகோணமலையில் மாரி காலத்து இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே நிற்கும். எங்கள் பிள்ளைகளைக் குளிரைவிட ஈரம்தான் அதிகம் வருத்துகிறது. கடற்கரையை அண்டிய வீடுகளில் இதை நன்றாகக் காணலாம். உவர்க் கிணற்றில் அலசிய துணி, அல்லது கடற்காற்றில் நாள் முழுக்கக் கிடந்த துணி, காய்ந்த பிறகும் தொட்டால் சில்லென்று பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்து, வீட்டுக்குள்ளே விசிறிக்குக் கீழே காயவைத்தால் போதும்.

கச்சான் காற்றடிக்கும் வெயில் மாதங்களுக்கும் பருத்திதான், வியர்வையின் ஈரத்தை அது நாருக்குள் இழுத்துக்கொள்ளும். ஓரளவு ஈரப்பதனில் பருத்தி தன் நிறையில் ஏறத்தாழ 8.5 வீதம் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். பஞ்சுபோல் தெரியும் பொலியெஸ்டர் போர்வைகளை இந்த ஊர்ப் பிள்ளைக்கு நான் வாங்கமாட்டேன்.

பரிசோடு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதையும் வைக்கவேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடிவிடும், உடம்பும் அளவுக்குமேல் சூடாகிவிடும். கையில் தூக்கும்போது போர்த்தவும், விழித்திருக்கும்போது கீழே விரித்துக் கண்முன்னே கிடத்தவும்தான் இந்தப் போர்வை.

இனிச் சுருக்கம் விழுந்த போர்வையின் தையலைப் பிரிக்கவேண்டும். சுற்றளவு 360 சென்ரிமீற்றர், ஒரு தையல் 2½ மில்லிமீற்றர் என்றால் 1,440 தையல்கள். அரிசிச் சாக்கின் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் முழுதும் கழன்றுவிடும். அது சங்கிலித் தையல், ஒரு கண்ணி அடுத்த கண்ணியை மட்டும் பிடித்திருக்கிறது. வீட்டு மெசின் தையல் அப்படிக் கழலாது. காரணம் தெரிய, அம்மம்மாவின் பழைய சிங்கர் மெசினில் ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தள்ளிவிட்டு, சில்லைக் கையால் மெல்ல உருட்டிப் பாருங்கள்.

கைஊசிக்குக் கண் பின்னால், மெசின் ஊசிக்குக் கண் கூர்முனைக்குப் பக்கத்தில். ஊசி துணிக்குள் இறங்கி அடிக்குப் போய், இரண்டு மில்லிமீற்றரளவு மேலே எழும்பும். துணி நூலைப் பிடித்துக்கொள்வதால் நூல் கூடவே ஏறமுடியாமல், ஊசியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வளையமாகப் பிதுங்கும். அந்தக் கணத்தில், கீழ்நூல் சுற்றிய பொபினைச் சுமந்த, படகு வடிவச் சிறு பெட்டி ஒன்று அந்த வளையத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். புது மெசின்களில் பொபின் இருந்த இடத்தில் இருக்கும், சுழலும் கொக்கி வளையத்தைப் பிடித்து அதைச் சுற்றிக் கொண்டுவரும். எப்படியும் மேல்நூலுக்குள் கீழ்நூல் புகுந்துவிட்டது. மேலே உள்ள நெம்பு நூலை இழுக்க, இரண்டும் பின்னிய முடிச்சு துணிகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்ளும். ஊசி வெளியே வந்தபிறகுதான் பல்லுத்தகடு துணியை ஒரு தையலளவு நகர்த்தும். முனைப் பக்கக் கண்ணும் இரண்டு நூலும் சேர்ந்த மெசினுக்கு எலியாஸ் ஹோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846இல். இலங்கையில் சிங்கர் கடை திறந்தது 1877இல்.

துணியின் அடியில் நூல் சிக்குச் சிக்காகக் குவிந்தால் எல்லாரும் பொபினைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் குறை மேலே இருக்கும். மேல்நூல் இறுக்கும் தட்டுகளுக்கு நடுவே சரியாக அமராவிட்டால், நெம்பு இழுத்தும் வளையம் மேலே ஏறாமல் அடியிலேயே தங்கிவிடும். துணியை அழுத்தும் மெசின் பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள்.

பிரிப்பதற்கும் இதுவே வழி காட்டுகிறது. ஒரு பக்கத்து நூலை நாலைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டிவிட்டால், மறுபக்கத்து நூலைப் பிடித்துவைத்திருந்த முடிச்சுகள் இல்லாமற்போகும், அது முழு நீளத்துக்கு உருவிக்கொண்டு வரும். அரை மணித்தியாலத்தில் பிரித்துவிட்டேன். சீலையைப் பொப்ளினின் புது அளவுக்கு வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே முகம் பார்க்க வைத்து, 14ஆம் இலக்க ஊசியால் சுற்றிவரத் தைத்தேன். அந்த ஊசி 0.9 மில்லிமீற்றர் தடிப்பு, இரண்டு பருத்தித் துணிக்குப் போதும். மூலைகளில் மிஞ்சின துணியைக் குறுக்கே நறுக்கிவிட்டு, ஒரு சாண் அளவு விட்டிருந்த வாயால் வெளியே புரட்டி எடுத்தேன். அந்த வாயை மட்டும் கையால் மூடினேன், அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.