ஆடிப் பட்டம் காத்திருக்காது: வீட்டுத் தோட்டத் தளையைக் கேட்டு வாங்கும் வழி

ஆடி பிறந்து இரண்டாம் வாரம். வேளாண் விரிவாக்க மையம் ஒன்றின் வாசற்படியில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா வயர்கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கூடைக்குள் சர்க்கரை வாங்கிய பாலிதீன் பையொன்றில் ஆதார் நகலும் குடும்ப அட்டை நகலும் இரண்டு புகைப்படங்களும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவர் கேட்டு வந்தது ஆறு காய்கறி விதைப் பொட்டலங்கள் மட்டுமே. அதற்காக அவர் நடந்தது மூன்றாவது நடை. "ஸ்டாக் வரலீங்கம்மா, அடுத்த வாரம் பாருங்க" என்று சன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "போன வாரமும் இதையேதானுங்களே சொன்னீங்க? ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நாள் கூலி போகுதுங்க" என்றார் அவர். அதற்குப் பதில் வரவில்லை. விதை அவர் கைக்கு வந்து சேர்ந்தபோது புரட்டாசி முடியும் நேரம். அவர் போட்ட மிளகாய் நாற்று, ஐப்பசி மழையில் நாற்றங்காலிலேயே அழுகிப் போயிற்று. அலுவலகப் பதிவேட்டில் அவர் "பயன்பெற்றவர்".

விதையைப் பொறுத்தவரை தாமதமாகக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். கொங்கு நாட்டில் கையளவு பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம், உள்ள வீட்டிலும் நாலு அவரை, ரெண்டு பீர்க்கு என்று ஆடியில் ஊன்றாமல் விடமாட்டார்கள். அந்தக் காலத்துக்குள் வந்து சேர வேண்டிய தளையை, அதாவது அரசு மானியத்தில் தரும் வீட்டுத் தோட்டத் தொகுப்பை, எப்படிக் கேட்டு வாங்குவது, எங்கெங்கே மடக்குவார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 டிசம்பரில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கியபோது, மாடித் தோட்டத் தளையில் ஆறு வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரங்கள், பூச்சி விரட்டும் இயற்கை மருந்து, கையேடு ஆகியவை இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ள அந்தத் தளை மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஊரகப் பகுதிக்கான பன்னிரண்டு வகை விதைத் தளையின் மதிப்பு 60 ரூபாய், நாம் கட்டியது 15 ரூபாய். 2025 ஜூலை 4 அன்று தொடங்கப்பட்ட ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகிய விதைகளின் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளின் தொகுப்பும், பயறு விதைத் தொகுப்பும் வீட்டுக்காரர்களுக்கென்றே அறிவிக்கப்பட்டன. தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ பதிவு செய்யலாம். திட்டத்தின் பெயரும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அலைக்கழிக்கும் முறை மட்டும் மாறுவதில்லை.

முதல் அலைச்சல், தவறான அறைக்குப் போவதில் தொடங்குகிறது. வேளாண்மைத் துறை வேறு, தோட்டக்கலைத் துறை வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருப்பதால், உள்ளே நுழைந்ததும் முதலில் தென்படும் மேசையில் கேட்கிறோம். அந்த மேசை வேளாண்மைத் துறையுடையதாக இருந்தால் "எங்ககிட்ட இல்லீங்க" என்ற பதில் கிடைக்கிறது. அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பக்கத்து அறையைக் கை காட்டினால் முடிந்துவிடும் வேலைக்கு, தாராபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே "தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் எது, எங்கள் ஊருக்கான உதவி தோட்டக்கலை அலுவலர் யார்" என்ற இரண்டு கேள்விகளை இதே சொற்களில் கேளுங்கள். உதவி தோட்டக்கலை அலுவலர்தான் உங்கள் ஊருக்கு நேரில் வரக்கூடியவர். உதவி அலுவலர்களின் வருகை விவரம் உழவன் செயலியில் இருக்கிறது. அவர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு ஊரிலேயே பிடித்துவிட்டால் பாதி நடை மிச்சம்.

அடுத்தது ஊரா நகரமா என்ற சிக்கல், கொங்கு மாவட்டங்களில் இது சிறிய சிக்கல் அன்று. 2021 திட்டத்தில் விதைத் தளை ஊரகத்துக்கு, மாடித் தோட்டத் தளை நகரத்துக்கு என்று பிரித்திருந்தார்கள். ஈரோடு, கோவை மாவட்டங்களில் பேரூராட்சிகள் மிகுதி. சுற்றிலும் தோட்டமும் மாட்டுக் கட்டுத்தறியும் இருக்கும், பார்ப்பதற்கு முழுக்கக் கிராமம். ஏட்டில் அது பேரூராட்சி. ஊரக மேசையில் "நீங்க டவுன்" என்பார்கள். நகர ஒதுக்கீடு பக்கத்து நகராட்சிக்கே தீர்ந்துபோயிருக்கும். வீட்டு வரி ரசீதில் ஊராட்சி என்று இருக்கிறதா, பேரூராட்சி என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு, "இந்த ஆண்டு பேரூராட்சிக்கு எந்தத் தளை, எத்தனை ஒதுக்கியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை அலுவலகத்தில் இருக்கும். கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

எனக்கு மிகவும் கோபம் வருவது ஆவணங்கள் விஷயத்தில்தான். வீட்டுத் தோட்டத் தளைக்கு நிலம் தேவையில்லை என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை. மாடியில் பை வைத்துக் கத்தரி வளர்ப்பவருக்கு எங்கிருந்து வரும் சிட்டா? ஆனாலும் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, இப்போது புதிதாக விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் பட்டியல் சொட்டுநீர்ப் பாசனத் திட்டத்தினுடையது. அதில் நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு குறு விவசாயிக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் என்பதால், அங்கே அந்தச் சான்று தேவைதான். பழக்கத்தில் அதே பட்டியலை எல்லோரிடமும் நீட்டிவிடுகிறார்கள். அதை நம்பி, கூலிவேலைக்குப் போகும் பெண்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்து, நிலமே இல்லாத தங்களுக்கு அந்தச் சான்று கிடைக்காது என்று தெரிந்து, தங்களுக்குத் தகுதி இல்லை போலும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தகுதி இருக்கிறது. ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், கைபேசி எண், புகைப்படம் இவற்றுடன் போங்கள். சிட்டா கேட்டால், சண்டை வேண்டாம். "எந்த வழிகாட்டு நெறிமுறையில் அப்படி இருக்கிறதுங்க, அதை என் விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். இதுவரை அப்படி எழுதிக் கொடுத்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

திருப்பூரில் வேறொரு தொல்லை. பனியன் கம்பெனி வேலைக்காகத் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, பத்து ஆண்டுகளாக லைன் வீட்டில் குடியிருப்பவர்களின் ஆதாரில் இன்னும் பழைய ஊர் முகவரிதான் இருக்கிறது. இங்கே "உங்க மாவட்டத்துல வாங்கிக்குங்க" என்பார்கள். அங்கே போனால் "நீங்கதான் இங்க இல்லையே" என்பார்கள். பதிவு செய்யும்போது இப்போது குடியிருக்கும் மாவட்டத்தையும் வட்டாரத்தையும் தேர்ந்தெடுங்கள். வாடகை ஒப்பந்தமோ எரிவாயு ரசீதோ உடன் வைத்திருங்கள். வீட்டுக்காரரிடம் மாடியில் பை வைக்க ஒப்புதல் வாங்குவது உங்களுக்குள்ள பேச்சு, அலுவலகம் அதைக் கேட்க வேண்டியதில்லை.

இணையப் பதிவில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் கடைக்காரரே தன் கைபேசி எண்ணைப் போட்டுப் பதிவு செய்துவிடுவார். பிறகு தளை வந்த செய்தி அவருக்குத்தான் போகும், அவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார். நீங்கள் ஆவணி வரை காத்திருப்பீர்கள். உங்கள் எண் பதிவாகியிருக்கிறதா என்று திரையில் பார்த்த பிறகே எழுந்து வாருங்கள். பதிவு எண்ணை ஒரு தாளில் அச்செடுத்து வாங்குங்கள். பதிவு செய்ததாலேயே தளை ஒதுக்கப்பட்டுவிட்டதாகப் பொருள் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இவற்றையெல்லாம் கடந்து போன ஒருவரிடம், "உங்க ஆதாருக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சுங்க" என்று சொன்னார்கள். அவர் வாங்கவே இல்லை. எப்போதோ ஏதோ முகாமில் கொடுத்த நகல், யாருடைய கணக்கையோ நிரப்பியிருந்தது. இப்படிச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(1)(b)-யில் பன்னிரண்டாவது உட்கூறு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பயனாளிகள் பட்டியலையும் என் பெயருக்கு எதிரே உள்ள கையொப்பத்தின் நகலையும் தாருங்கள் என்று பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதுங்கள்; வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முப்பது நாளில் பட்டம் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் மனு உள்ளே போன மறுவாரமே "உங்களுக்கு ஒரு தளை எடுத்து வெச்சிருக்கோம்" என்று அழைப்பு வந்ததை நான் அறிவேன்.

கொடுக்கும் நாளில் கவனமாக இருங்கள். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். அறிவிக்கப்பட்ட தொகையை விட ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் "ரசீதில் எவ்வளவு போடுவீங்க" என்று கேளுங்கள். இந்தத் தளையோடு இந்த நுண்ணூட்டப் பையையும் வாங்கினால்தான் உண்டு என்று கட்டித் தருவதும் நடக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், அந்த வரிசையில் எத்தனை தளை என்ற கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுக் கட்டத்துக்கு எதிரே போடும் கையெழுத்து பிறகு எந்த எண்ணுக்கும் பொருந்திவிடும். அங்கேயே பையைப் பிரித்து, விதைப் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள பரிசோதனை நாளையும் செல்லுபடியாகும் நாளையும் படியுங்கள். எனக்கு ஒருமுறை கிடைத்த வெண்டைப் பொட்டலம் மூன்று மாதத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. உயிர் உரப் பொட்டலத்துக்கும் காலாவதி உண்டு; நாள் கடந்தால் அது வெறும் கரித்தூள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா விதையையும் ஒரேயடியாக ஊன்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பத்து விதை எடுத்து, ஈரத் துணியில் மடித்து, ஒரு கிண்ணத்தால் மூடி வையுங்கள். வெண்டையும் கொத்தவரையும் ஒரு வாரத்துக்குள், மிளகாயும் கத்தரியும் பத்துப் பதினைந்து நாளுக்குள் முளைவிட வேண்டும். விதைச் சான்றளிப்பில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 விழுக்காடு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60. பத்தில் மூன்றுதான் முளைத்தது என்றால், துணியோடு படம் பிடித்து, பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு போய் மாற்றிக் கேளுங்கள். விதையின் மேல் சிவப்போ பச்சையோ சாயம் இருந்தால் அது மருந்திட்டது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நார்க்கழிவுக் கட்டியை அப்படியே பையில் போட்டுச் செடி கருகிப் போனவர்கள் ஏராளம். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். ஒரு அண்டாவில் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். போர் உப்புத் தண்ணீரில் அலசினால் உப்பைக் கழுவி உப்பையே ஏற்றுகிறோம். பிறகு செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சரிபாதி சேர்த்து நிரப்புங்கள், நார்க்கழிவு மட்டும் போதாது. பையின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று, கோவையிலும் பொள்ளாச்சியிலும் இளநாற்றை வேரோடு ஆட்டிவிடும். முதல் மூன்று வாரம் பைகளை மேற்குப் பக்கச் சுவரின் மறைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தளை வராவிட்டால் மேலே போக வழி உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை இரண்டு நகலாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை எண் இல்லாத மனுவைக் கொடுத்ததாகவே கொள்ள வேண்டாம். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். மனுவில் வரலாறு எழுதாதீர்கள். எந்த நாள் பதிவு செய்தேன், பதிவு எண் என்ன, எந்தெந்த நாளில் வந்தேன், ஒவ்வொரு நாளும் என்ன சொன்னார்கள் என்ற நான்கும் போதும்.

அந்த மனுவுக்குப் பதில் வரும் வரை மண்ணைச் சும்மா விடவும் வேண்டாம். வாரச் சந்தையிலோ பக்கத்து வீட்டு மூத்தவர்களிடமோ நாட்டு அவரை, பீர்க்கு, சுரை விதை கிடைக்கும். அவற்றை ஆடி முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். பதிவை வைகாசியிலேயே முடித்துவிட்டால், ஆனியில் விதை கேட்டு நிற்கலாம். நாற்றுவிட்ட தக்காளி இருபத்தைந்து நாளிலும், கத்தரி முப்பது முப்பத்தைந்து நாளிலும், மிளகாய் நாற்பது நாளிலும் பிடுங்கி நடத் தயாராகும். ஆனிப் பாதிக்குள் விட்ட நாற்று ஆடி முடிவதற்குள் பைக்கு வந்து, ஐப்பசி மழைக்கு முன்பே வேர் பிடித்து நிற்கும்.