டெலவேர் கம்பெனிக்குப் பதிவு முகவர்: கடிதம் யார் கைக்கு வந்து சேருகிறது?

கோயம்புத்தூரில் இருந்தபடி மென்பொருள் விற்கும் சிறு நிறுவனங்கள் பல, வாடிக்கையாளரிடம் டாலரில் பணம் பெறவும் முதலீடு திரட்டவும் வசதியாக இருக்கும் என்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொள்கின்றன. கம்பெனி செக்ரட்டரியாக அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. பங்குகள் எத்தனை, வங்கிக் கணக்கு எங்கே என்று நாள்கணக்கில் விவாதிப்பவர்கள், விண்ணப்பத்தில் ‘ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட்’, அதாவது கம்பெனியின் சார்பில் சட்ட ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் பதிவு முகவர், என்ற கட்டத்தை மட்டும் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறார்கள்.

நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இப்படியொரு முகவர் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பதிவு அலுவலகம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. நோட்டீசுகள் அங்கே வந்துவிடும். ஆனால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் தொழிலிடம் அமைத்தால், அதன் சார்பில் சம்மனையும் நோட்டீசையும் பெற்றுக்கொள்ள இங்கே வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் அதே சட்டத்தின் 380ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் கொடுத்தாக வேண்டும். டெலவேர் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான். தன்னிடம் பதிவான எல்லாக் கம்பெனிகளிடமும் கேட்கிறது என்பதே வேறுபாடு.

பதிவு முகவருக்கு அந்த மாநிலத்தில் உண்மையான தெரு முகவரி இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் போதாது. அலுவலக நேரத்தில் வருகிற வழக்கு ஆவணங்களையும் அரசுக் கடிதங்களையும் வாங்கி உங்களுக்கு அனுப்புவது அவருடைய வேலை. அவர் கையில் சம்மன் சேர்ந்த நாளே உங்களுக்குச் சேர்ந்த நாளாகக் கணக்கிடப்படும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற வழக்கு என்றால் பொதுவாக அன்றிலிருந்து 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தவறினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். முகவர் பத்து நாள் கழித்து அனுப்பினால், வழக்கறிஞரைத் தேடுவதற்கே மீதி நாட்கள் போதாது.

என்னிடம் வந்த ஒரு நிறுவனத்தில் பங்காளிகள் இருவர். பதிவின்போது தொடர்பு மின்னஞ்சலாகக் கொடுக்கப்பட்டது, பின்னர் விலகிச் சென்ற பங்காளியின் முகவரி. அவர் போனதும் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். முகவரின் கட்டண பில்லும் நினைவூட்டல்களும், கடைசியில் முகவர் தன் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்ன அறிவிப்பும் மூடப்பட்ட அந்த முகவரிக்கே போயின. முகவரின் விலகல் ஆவணம் அரசிடம் பதிவான 30 நாட்களுக்குள் புதியவரை நியமிக்காவிட்டால் கம்பெனியின் சாசனமே, அதாவது கம்பெனியாக இயங்கும் உரிமையே, பறிபோகும் என்கிறது டெலவேர் சட்டம், அப்படியே போயிற்று. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்துக்கு முன்பு, கம்பெனியின் பதிவு ஒழுங்காக நடப்பில் இருக்கிறது என்று மாநில அரசு தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழைக் கேட்டபோதுதான் மீதமிருந்த பங்காளிக்குச் செய்தி தெரிந்தது. நிலுவை வரியையும் அபராதத்தையும் கட்டி, புதிய முகவரை அமர்த்தி, கம்பெனியை மீட்டெடுக்க முடிந்தது. ஆனால் ஒப்பந்தம் அதுவரை காத்திருக்கவில்லை. இத்தனைக்கும் அந்த முகவர் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. முகவரின் தகவல்களைப் பெற்றுக்கொள்ளும் ஒரு நபரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றைப் புதுப்பித்து வைப்பது கம்பெனியின் கடமை என்று டெலவேர் கம்பெனிச் சட்டத்தின் 132ஆம் பிரிவே சொல்கிறது.

முகவர் அனுப்பிவைப்பாரே தவிர விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பங்குகள் வெளியிடும் கம்பெனிகளான கார்ப்பரேஷன்கள், அங்கே பதிவில் இருப்பதற்காக மாநிலத்துக்குக் கட்டும் ஃபிரான்சைஸ் வரியின் அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் முகவருக்கு வரும்; கட்ட வேண்டிய கடைசி நாள் மார்ச் 1. ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கிய சிறு கம்பெனிக்கு, பங்கு எண்ணிக்கை முறையில் கணக்கிட்டால் 85,165 டாலர் வரும். அதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள் என்னை நள்ளிரவில் அழைத்திருக்கிறார்கள். அதிகச் சொத்து இல்லாத புதிய கம்பெனி, சொத்தை வைத்து ஊகிக்கும் முகமதிப்பை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் குறைந்தபட்ச வரியான 400 டாலரும் ஆண்டறிக்கைக் கட்டணம் 50 டாலரும்தான். எல்எல்சி என்னும் வரையறுத்த பொறுப்புக் கம்பெனி என்றால் கணக்கே வேண்டாம்: ஜூன் 1க்குள் 300 டாலர். அமெரிக்கக் கூட்டாட்சி வரித் துறையான ஐஆர்எஸ் கேட்கும் 5472 படிவத்தைப் பற்றியும் முகவர் பேசமாட்டார். வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக இருந்து, தன் எல்எல்சியுடன் பணம் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டு அதைத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலர். இதற்கு வரி ஆலோசகர் தனியாக வேண்டும்.

ஆகவே முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது விலையை அல்ல. சம்மன் வந்தால் அதே நாளில் ஸ்கேன் செய்து அனுப்புவீர்களா, மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைப்பீர்களா, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்ப முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் மெய்நிகர் அலுவலகத்தையோ தபால் திருப்பும் சேவையையோ மட்டும் வைத்துக்கொண்டு முகவர் பணி செய்வதை டெலவேர் சட்டம் ஏற்பதில்லை என்பதால், அங்கே ஆள் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். ஆண்டுக் கட்டணம் பொதுவாக 50 முதல் 300 டாலர் வரை. முதல் ஆண்டு இலவசம் என்றால் இரண்டாம் ஆண்டு எவ்வளவு, ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்தில் ஊழியர் அமர்த்தி அங்கேயும் பதிவு செய்ய நேர்ந்தால், அந்த மாநிலத்துக்கும் முகவர் வேண்டும். முகவரின் முகவரியைத் தொழில் முகவரியாகக் காட்டினால் பல வங்கிகள் ஏற்பதில்லை.

இருக்கும் முகவர் சரியில்லை என்றால் மாற்றுவது கடினமல்ல. ஆனால் வரிசை முக்கியம். புதியவரின் சம்மதத்தை வாங்கி, மாற்றச் சான்றிதழை மாநில அரசிடம் தாக்கல் செய்து, அது பதிவானதை உறுதிசெய்த பிறகே பழையவரின் கட்டணத்தை நிறுத்துங்கள். தொடர்பு முகவரியாகத் தனியொருவரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல், நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது முகவரியைத் தொடங்கி, அதை இரண்டு பேராவது திறந்து பார்க்கும்படி வையுங்கள்.