ரெய்டு நியூஸ் கூடக்கூட நம்பிக்கை ஏன் குறையுது?

நிதி மோசடிய பிடிக்க அரசாங்கம் தீவிரமா இறங்குற நேரத்துலதான் மக்கள் "எல்லாமே கெட்டுப்போச்சு"ன்னு அதிகமா பேசுவாங்க. நம்ம மூளை வேலை செய்யற விதம் அப்படி. ஒரு குற்றம் எவ்வளவு நடக்குதுன்னு கணக்கு நம்ம கைல இல்ல, அதனால எவ்வளவு சுலபமா ஞாபகத்துக்கு வருதோ அதையே அளவா எடுத்துக்கறோம், 1973லயே ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இத ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. கட்டுக்கட்டா பணத்த டிவில நாள் முழுக்க காட்டினா, நடந்தது ஒரு கேஸ்தான், ஆனா மனசுல நூறா பதியுது.

ஆனா மோசடிய பிடிக்கிற வேலைல பெரும்பகுதி வெளிய தெரியவே தெரியாது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. பேங்க்ல ஒரு பரிமாற்றம் சந்தேகமா இருந்தா நிதி புலனாய்வு பிரிவுக்கு ரிப்போர்ட் போகணும், அத அந்த கஸ்டமர்கிட்ட சொல்லவே கூடாது, கறுப்புப் பணத்த வெள்ளையாக்குறத தடுக்க 1989ல உருவான எஃப்ஏடிஎஃப்ங்கற சர்வதேச அமைப்பு வகுத்த விதிகள்லயே அது இருக்கு. சொன்னா பணம் அடுத்த நிமிஷமே வேற எங்கயாவது போயிடும்ல. ஆக தடுத்தது ரகசியம், மக்கள் கண்ணுல படுறது ரெய்டும், திரும்ப திரும்ப கேக்குற கேஒய்சி பேப்பரும் மட்டும்தான்.

அப்போ விளம்பரம் பண்ணா சரியாகிடுமா? நைஜீரியாவோட லாகோஸ்ல ஆராய்ச்சியாளர்கள் இத டெஸ்ட் பண்ணி 2022ல வெளியிட்டாங்க. லஞ்ச ஒழிப்பு மெசேஜ் கேட்டவங்கள்ல, ஏற்கனவே ஊழல் எங்கயும் இருக்குன்னு நம்பினவங்க லஞ்சம் கொடுக்க இன்னும் அதிகமா தயாரானாங்க, எல்லாரும் பண்றாங்க நாம மட்டும் ஏன் ஏமாறணும்ங்கற கணக்கு.

அதுக்காக மக்களோட சந்தேகம் வெறும் பிரமைன்னு சொல்ல முடியாது. 2009ல உலகம் முழுக்க சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் கறுப்புப் பணம் வெள்ளையாக்கப்பட்டதா ஐநா போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிட்டுச்சு, அதுல பறிமுதல் ஆனது 1 சதவீதம் கூட இருக்காதுன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க.

அதனால கைதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, தீர்ப்பு வந்துச்சா, பணம் யாருக்கு போச்சுன்னு அரசாங்கம் கடைசி வரைக்கும் சொல்லணும். இத்தாலி 1996ல ஒரு சட்டம் போட்டு, மாஃபியாகிட்ட பறிச்ச வீடு, நிலத்தையெல்லாம் சமூக அமைப்புகள் பயன்படுத்த வழி பண்ணுச்சு, அங்க பறிமுதலான சொத்துல இன்னிக்கு விவசாயம் பண்ற கூட்டுறவு சங்கங்களே இருக்கு.