லோகோ கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது

சுடுமண் நகை செய்பவர்கள், ஆரி வேலைப்பாட்டுடன் ரவிக்கை தைப்பவர்கள், துணிப்பை, மெழுகுவர்த்தி, கையால் கட்டிய நோட்டுப் புத்தகம் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள்தாம் என்னிடம் லோகோ கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர். வரும்போதே பிடித்த படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு வருவார்கள். படங்களைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன்: இந்தக் குறி எதன் மேலெல்லாம் பதியப் போகிறது?

முதல் பதில் அநேகமாக இன்ஸ்டாகிராம். கொஞ்சம் பேசினால் மற்றவை ஒவ்வொன்றாக வரும். கம்மல் மாட்டும் அட்டை, பார்சல் ஸ்டிக்கர், ரசீது, ரப்பர் ஸ்டாம்ப், கண்காட்சியில் கட்டும் ஃபிளெக்ஸ், ரவிக்கையின் உட்கழுத்தில் தைக்கும் லேபிள். இந்தப் பட்டியலில் ஃபிளெக்ஸைத் தவிர எல்லாமே சின்ன இடங்கள். கைத்தொழில் செய்பவரின் லோகோ தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கட்டைவிரல் நகம் அளவில்தான் கழிக்கிறது. ஆனால் அதை ஒப்புதலுக்குக் காட்டும்போது கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டுகிறோம். அழகாகத் தெரிகிறது, தலையாட்டிவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

சுடுமண் நகையை எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தின் பின்புறம், மண் ஈரமாக இருக்கும்போதே, சிறிய அச்சால் தன் குறியைப் பதித்துவிடுவது செய்பவருக்குக் கிடைக்கும் மிக நல்ல அடையாளம். அட்டை குப்பைக்குப் போகும், ஸ்டிக்கர் கிழியும், இது நகையோடு இருக்கும். ஆனால் களிமண் காய்ந்து சுடப்படும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்குவது சாதாரணம். குறியும் சேர்ந்து சுருங்கும். பூங்கொடி, மயில் தோகை, தலைமுடி போன்ற மெல்லிய கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பள்ளமாகிவிடும். அதன்மேல் வண்ணம் பூசினால் அந்தப் பள்ளமும் நிரம்பிப்போகும். ஆகவே இப்படிப்பட்ட தொழிலுக்கு வரையும்போது முதலில் ஒரு சென்டிமீட்டர் அளவில், ஒரே நிறத்தில், கனமான கோட்டில் வரைந்து பார்க்க வேண்டும். அந்த அளவில் பிழைத்து நிற்கும் வடிவம் எந்த அளவிலும் நிற்கும். பெரிதாக வரைந்து சிறிதாக்கியதற்கு அந்த உறுதி கிடையாது.

பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தின் புள்ளி மிகச் சிறியது. பெயரில் ‘மண்’ என்று இருந்து, பழுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அந்தப் புள்ளி மறைந்துபோனால் படிப்பவர் ‘மண’ என்று படிப்பார். ‘ண’வின் சுழிகளும் ‘ஐ’யின் வளைவுகளும் மை பரவினால் அடைத்துக்கொள்ளும். எழுத்துருவில் வருவதை அப்படியே எடுத்து வைக்காமல், புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, சுழிகளைத் திறந்து, பெயரின் ஐந்தாறு எழுத்துகளையும் கையால் திருத்தி வரையுங்கள் என்று என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களிடம் சொல்வேன். சுவரிலும் கடைப் பலகையிலும் தூரிகையால் எழுதிய நம் ஓவியர்கள் இதைக் கண்ணளவிலேயே செய்தார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தக் கண் நம்மை விட்டுப் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எழுத்துருவுக்கு இன்று பஞ்சமில்லை. முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார், மீரா இனிமை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய, உரிமம் தெரியாத எழுத்துருவில் தொழிலின் பெயரை எழுதத் தேவையே இல்லை.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் ‘கர்வ்ஸ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றாமல் அனுப்பினால், யூனிகோடு தமிழைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருளில் திறக்கும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். நடுவில் புள்ளியிட்ட வட்டம் ஒன்றும் முளைக்கும். அவசரத்தில் அப்படியே அச்சாகி வந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பெயர் வைத்த ஒருவர் தன் பெயர் உடைந்து அச்சாகியிருப்பதைக் காணும் நிலை வரவே கூடாது.

நிறத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலை கட்டிய தனிச் சட்டம் வேண்டும், செலவும் கூடும். செங்கல் நிறக் குறியைப் பழுப்புத் தாளில் அச்சிட்டால் பாதி மறைந்துவிடும். இரண்டு நிறம் போதும். அவற்றைத் திரையிலும் அச்சிலும் குறிக்கும் எண்களை வடிவமைப்பாளரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லோகோ வந்துவிட்டால் அடையாளம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். வாடிக்கையாளர் உங்களை எதை வைத்து நினைவில் வைத்திருக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். எப்போதும் ஒரே கருங்கல் பலகைமேல் எடுத்த புகைப்படங்கள், பார்சலைக் கட்டும் சணல் கயிறு, உள்ளே வைக்கும் சீட்டின் கையெழுத்து, செய்திக்குப் பதில் சொல்லும் தோரணை, இவையெல்லாம் சேர்ந்துதான் ‘இது அவர்கள் செய்தது’ என்று சொல்ல வைக்கின்றன. லோகோவை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்தச் சேமிப்பை ஒவ்வொரு முறையும் கரைத்துவிடுகிறார்கள். விற்பனை குறைந்ததும் லோகோவை மாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் சிலரை, முதலில் படங்களின் பின்னணியை ஒரே மாதிரியாக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இனி, யாரும் பேசாத, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

‘லோகோ உங்களுடையதுதானா?’ என்று கேட்டால், ‘பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்’ என்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது அதன் பொது விதி. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வரைந்தது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் போன்ற சில விலக்குகள் உண்டு. தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் வரைந்த லோகோவில், உரிமையை மாற்றித் தரும் ஒப்படைப்பு எதுவும் எழுத்தில் இல்லையென்றால், உரிமை தன்னிடமே இருக்கிறது என்று அவர் பிற்காலத்தில் வாதிட இடமிருக்கிறது. ஒப்படைப்பு எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் பொருள் அனுப்புபவர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எனவே கடைசித் தவணை கொடுக்கும் முன், எந்த லோகோ என்பதைப் படத்துடன் குறித்து, எல்லா உரிமைகளும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், இன்ன தொகைக்கு ஒப்படைக்கப்படுகின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான வடிவமைப்பாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். அதே நாளில் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படம் மூலக் கோப்பு ஆகாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பு வேண்டும். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமும், ஒரு நிற வடிவமும், கறுப்புப் பின்னணிக்கான வெள்ளை வடிவமும் கூடவே வேண்டும். இவை இல்லாமல் மூன்றாண்டு கழித்து எம்பிராய்டரி லேபிள் போட வருபவருக்கு, நான் முதலிலிருந்து மறுபடி வரைந்துதான் தர வேண்டியிருக்கிறது. அது அவருக்கு வீண் செலவு.

கேன்வா போன்ற தளங்களில் தாமே செய்துகொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் கையில் பணம் இருக்காது. ஆனால் அங்குள்ள ஆயத்தப் படத்தை வைத்துச் செய்த லோகோவை வணிகக் குறியாக (டிரேட் மார்க்) பதிய அந்தத் தளத்தின் உரிம விதிகளே இடம் தருவதில்லை. அதே பூவும் அதே இலை வளையமும் வேறு யார் கடையிலும் இருக்கலாம். பணம் இல்லாத காலத்தில் படமே வேண்டாம், பெயரை மட்டும் நல்ல எழுத்துருவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்து தரும் படத்துக்கும் இதையேதான் சொல்வேன், அதில் பதிப்புரிமை யாருக்கு என்பது நம் நாட்டுச் சட்டத்தில் இன்னும் தெளிவாகவில்லை.

பெயர் முடிவாகும் முன்பே வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், தேடலுக்குக் கட்டணம் இல்லை. பொருளை வெறுமனே விவரிக்கும் பெயரை, உதாரணமாகச் சுடுமண் நகைக்கு ‘சுடுமண் நகைகள்’ என்ற பெயரை, பொதுவாகப் பதிய மாட்டார்கள். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நகைக்கு 14, ஆடைக்கு 25, மெழுகுவர்த்திக்கு 4. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் பதிவகத்தின் இதழில் வெளியானபின் 4 மாதங்கள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு கிடைக்கும் வரை பெயருக்குப் பக்கத்தில் ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியைப் பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தவறு. ஏற்கெனவே அட்டைகளில் அச்சிட்டிருந்தால் அடுத்த அச்சு வரை காத்திராமல் அவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள்.